டெய்லருக்கு இன்டர்வியூ கிடையாது

எங்கள் பனியன் கம்பெனியில் ஒரு டெய்லரை எடுக்கப் பத்து நிமிஷம் போதும். கேட்டில் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வருவார். லைன் சூப்பர்வைசர், "ஓவர்லாக்கா, பேட்லாக்கா, சிங்கரா?" என்று மட்டும் கேட்பார். சொன்ன மிஷினில் உட்காரவைத்து, கட்டிலிருந்து நாலு பீஸ் உருவிக் கொடுப்பார். வந்தவர் ஸ்டூலைத் தனக்குத் தோதாக இழுத்துப் போட்டுக்கொள்கிறாரா, நூல் சரியாகக் கோத்திருக்கிறதா என்று பார்க்கிறாரா, வேஸ்ட் துணியில் ஒரு ஓட்டு ஓட்டித் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் பீஸில் கை வைக்கிறாரா என்பதையெல்லாம் சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பார்ப்பார். நாலாவது பீஸ் முடிவதற்குள் விஷயம் தெரிந்துவிடும். ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் சூப்பர்வைசருக்கு இந்தி தெரியாது. அதனால் ஒரு நல்ல டெய்லரை நாங்கள் விட்டதாக எனக்கு நினைவில்லை.

அதே கட்டடத்தின் மாடியில் மெர்ச்சண்டைசர் எடுப்பதற்கு நான் ஒரு மணி நேரம் பேசுவேன். பையர், அதாவது ஆர்டர் கொடுப்பவர், அனுப்பும் முதல் மெயிலில் ஆரம்பித்து, கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பும் வரை ஒரு ஆர்டரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிற வேலை அது. நூல், நிட்டிங், சாயம், பிரின்டிங், கட்டிங், தையல் என்று எந்த இடத்தில் தடுக்கினாலும் போன் மெர்ச்சண்டைசருக்குத்தான் வரும். அவ்வளவு முக்கியமான ஆளை ஏசி ரூமில் காபி கொடுத்து, பயோடேட்டாவைப் புரட்டி, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்தது 2006-ல். ஆளெடுக்கிற பொறுப்பு வந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. முதல் சில வருஷம் நான் எடுத்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று யாராவது கணக்குக் கேட்டிருந்தால் என் வேலையே போயிருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் ஒரு பையன். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் ரெடி. இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அடுத்து ஒரு பெண். தமிழ் மீடியம். ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். நடுவில் ஒரு தடவை, "மேடம், இதை யோசிச்சுச் சொல்லட்டுங்களா?" என்றாள். என் நோட்டில் அவள் பெயருக்கு நேராக 'டல்' என்று எழுதினேன். பையனை எடுத்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு லேப் டிப் விவகாரம். சாயத்துக்கு முன் சின்னத் துணியில் ஷேடு போட்டுப் பையருக்கு அனுப்புவோமே, அதுதான். மூன்று ஷேடு அனுப்பியிருந்தோம். 'பி' ஓகே என்று பதில் வந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே, சிவப்பைக் கொஞ்சம் குறைத்து ஒரு தடவை காட்டிவிட்டுப் பல்க் (மொத்தத் துணிக்கும் சாயம்) போடுங்கள் என்றும் இருந்தது. பையன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு சாயப்பட்டறைக்குப் போன் போட்டுவிட்டான். "கிளியரா இருக்குது மேடம்" என்று என்னிடமும் சொன்னான். நானும் மெயிலைத் திறந்து பார்க்கவில்லை, அது என் தப்பு. பல்க் ஷேடைப் பையர் தள்ளிவிட்டார். மறுபடி துணி ஓட்டி, மறுபடி சாயம் போட்டு, கப்பலில் போக வேண்டிய சரக்கு ஏர்ல போச்சு. 'ஏர்ல போச்சு' என்றால் திருப்பூரில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். இழவு விசாரிக்கிற மாதிரி "எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்பார்கள்.

யோசிச்சுச் சொல்லட்டுங்களா என்று கேட்ட அந்தப் பெண் மெயிலை இரண்டு தடவை படித்திருப்பாள் என்று எனக்கு இன்றுவரைக்கும் ஓர் எண்ணம். உறுதியாகச் சொல்ல வழியில்லை. அவள் பெயர்கூட எனக்கு இப்போது ஞாபகமில்லை. பயோடேட்டாவைப் பழைய பேப்பரோடு போட்டாச்சு.

அந்த வாரம் நான் கீழே லைனில் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் கேட்டார். "நாம டெய்லருக்கெல்லாம் இன்டர்வியூவாங்க்கா வைக்கிறோம்? கட்டைக் குடுத்து ஓட்டச் சொல்றோம். மாடிக்கு வர்றவங்ககிட்ட மட்டும் ஏனுங்க்கா கதை கேக்கறீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரியே ஒரு தாளை எடுத்து, மெர்ச்சண்டைசர் நாற்காலியில் உட்கார்ந்தால் முதல் மாதம் கையால் செய்கிற வேலை என்னென்ன என்று எழுதினேன். துணிக் கணக்குப் போடுவது, மெயில் படிப்பது, விட்டுப்போனதைக் கேட்பது, சாயப்பட்டறைக்காரரை விரட்டுவது, கெட்ட செய்தியைச் சீக்கிரம் சொல்வது. 'சரளமாகப் பேசுவது' என்பதை அந்தத் தாளில் எங்கே எழுதுவது என்று பார்த்தேன். இடமே வரவில்லை. ஆனால் இத்தனை நாள் நான் மார்க் போட்டது அதற்கு மட்டும்தான்.

அப்புறம் இன்டர்வியூ மேஜைக்குச் சாமான்கள் வந்தன. ஒரு டி-ஷர்ட், ஒரு இஞ்ச் டேப், ஒரு கால்குலேட்டர், பையர் பெயரை அடித்துவிட்டு பிரின்ட் எடுத்த ஒரு பழைய மெயில்.

முதலில் கணக்கு. ஒரு டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிராம் துணி ஆகும்? உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை 22, தையலுக்கும் மடிப்புக்கும் 12, ஆக 106. அரை மார்பு 52, அதோடு 4 சேர்த்து 56. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கத்துக்காக இன்னொரு 2 பெருக்கி, துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, இங்கே 180, அதனால் பெருக்கி, 10,000-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 214 கிராம் வரும். வேஸ்டேஜ் 10 சதவீதம் போட்டால் 235. இந்தச் சூத்திரத்தை நானே தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். மனப்பாடமாக வருகிறதா என்று பார்ப்பது என் நோக்கம் இல்லை.

ஒரு தடவை அனுபவம் உள்ள ஒருவர் வந்தார். கடகடவென்று தட்டி, அழகான கையெழுத்தில் விடை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு என் பக்கம் தள்ளினார். 2,137 கிராம். வகுக்கும்போது ஒரு சைபரை விட்டுவிட்டார். "சரிங்களா, ஒருவாட்டி பார்த்துக்கறீங்களா?" என்றேன். கால்குலேட்டரில் மறுபடி அதே மாதிரி தட்டி, "கரெக்ட்தான் மேடம்" என்றார்.

அடுத்த வாரம் ஒரு ஃபிரஷர் பையன். அவனுக்கும் அதே சைபர் விட்டுப்போய் அதே 2,137 வந்தது. எழுதப் போனவன் பேனாவை நிறுத்தினான். மேஜையில் கிடந்த டி-ஷர்ட்டைக் கையில் எடுத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். "ரெண்டு கிலோங்களா? அப்படின்னா இது பனியன் இல்லீங்க, போர்வைங்க" என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்தான். அவன் கண்டுபிடிக்கும் வரை நான் காத்திருக்கவில்லை. மனதுக்குள் எடுத்தாச்சு.

கணக்கில் தப்பு எல்லாருக்கும் வரும். எக்ஸல் ஷீட்டில் எனக்கே வாரத்துக்கு ஒன்று வருகிறது. வந்த விடையைக் கையில் தூக்கிப் பார்க்கிற புத்தி இருக்கிறதா என்பதுதான் விஷயம். ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து பேசினாலும் அது பிடிபடாது. "கவனமா வேலை செய்வீங்களா?" என்று கேட்டால் அந்த இரண்டு பேரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மெயில் சோதனை சின்னது. 12,000 பீஸ், மூன்று கலர், டெலிவரி தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு கலருக்கு மட்டும் சைஸ் ரேஷியோ (எந்த சைஸில் எத்தனை பீஸ் என்பது) இருக்காது, பேக்கிங் எப்படி என்பதும் இருக்காது. "இதுக்கு என்ன பதில் எழுதுவீங்க?" இங்கிலீஷில் வரவில்லை என்றால் தமிழில் எழுதச் சொல்வேன். "டியர் சார், தேங்க்யூ ஃபார் யுவர் வேல்யூட் ஆர்டர்" என்று நாலு வரி பூச்சூட்டியவர்களும் உண்டு. 'நேவி கலருக்கு சைஸ் பிரிவு வரலை, எத்தனை எத்தனை?' என்று ஒற்றை வரி எழுதியவர்களும் உண்டு. இங்கிலீஷை ஆறு மாதத்தில் தேற்றிவிடலாம். விட்டுப்போனதைப் பார்க்கிற கண்ணை நான் இதுவரை யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை, கற்றுக்கொடுக்க முடியுமா என்பதும் சந்தேகம்.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. தாளைக் கொடுத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆரம்பத்தில் எதிரிலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்குக் கால்குலேட்டரில் விரல் நிற்கவில்லை, அப்படி நடுங்கியது. வேலையில் சேர்ந்தபின் யாரும் அப்படி முறைத்துக்கொண்டு எதிரில் உட்காரப் போவதில்லையே. இப்போது இருபது நிமிஷம் கொடுத்து, தண்ணீர் பாட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறேன்.

குவாலிட்டிக்கு ஆள் எடுக்கும்போது சாமான் மாறும். தப்புள்ள பீஸ் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் நீடில் லைன் (நிட்டிங் ஊசியால் துணியில் விழுகிற கோடு), அக்குள் கிட்டத் தையல் விட்டது, கழுத்து ரிப்பில் லேசாக ஷேடு வித்தியாசம், ஒரு கை மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் நீளம், துவைத்ததில் சைடு சீம் (பக்கவாட்டுத் தையல்) முன்பக்கமாகத் திரும்பியிருக்கும். ஐந்தையும் கண்டுபிடிக்கிறார்களா என்று எண்ணுவதைவிட, பீஸை எடுத்ததும் கை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். டிப்ளமோ வைத்திருந்த ஒருவர் பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் திருப்பி, "ஒரு ஹோல் மாதிரி இருக்குதுங்க" என்றார். எட்டாவது வரை படித்து, பதினைந்து வருஷம் செக்கிங்கில் நின்ற ஓர் அக்கா வந்தார். பீஸை எடுத்ததும் கையை உள்ளே விட்டு உள்பக்கம் வெளியே வரப் புரட்டினார். அக்குள் தையலைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். அப்புறம் மறுபடி புரட்டி மேஜையில் போட்டு, உள்ளங்கையால் நீவி, சைடு சீமைச் சீமோடு ஒட்டவைத்தார். ஒட்டவில்லை. "திரும்பியிருக்குதுங்க" என்றார். நான் இஞ்ச் டேப்பைத் தேடிக் கொடுப்பதற்குள் ஜானால் அளந்து கை நீளத்தையும் சொல்லிவிட்டார். பயோடேட்டா கொண்டுவரவில்லை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ்தான் வைத்திருந்தார்.

குவாலிட்டி ஆளுக்குக் கண் மட்டும் போதாது, முதுகெலும்பும் வேண்டும். அதற்கு என்ன சோதனை வைப்பது என்று ரொம்ப நாள் முழித்தேன். ஏ.க்யூ.எல். என்று ஒன்று உண்டு, எடுத்துப் பார்க்கிற பீஸில் எத்தனை தப்பு வரை விடலாம் என்கிற அளவு. கடைசியில் நான் அதை வைத்துக் கேட்ட கேள்வி இது: "3,000 பீஸ் லாட். சாதாரணப் பரிசோதனைக்கு 125 பீஸ் எடுக்கறீங்க. ஏ.க்யூ.எல். 2.5-ல 7 வரைக்கும் பாஸ், 8 வந்தா ஃபெயில். உங்களுக்கு 8 வருது. வெளிய லாரி நிக்குது. மேனேஜர் பக்கத்துல நிக்கிறார். என்ன பண்ணுவீங்க?"

கண்ணை மூடித் திறப்பதற்குள், "நிறுத்திருவேனுங்க மேடம்" என்பார்கள். எல்லாரும். அந்தப் பதிலுக்கு நான் மார்க் போடுவதில்லை. இதுவரை இதே மாதிரி நடந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று அடுத்து கேட்பேன். ஒருவர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன கம்பெனியில 8 வந்துச்சுங்க. 7-னு எழுதி விட்டுட்டேனுங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "கடைசி நேரத்துல 8 வந்தா யாராலயும் நிறுத்த முடியாதுங்க. அதுக்கப்புறம் லைன்லயே, பாதி தைக்கும்போதே ரெண்டு தடவை பார்க்க ஆரம்பிச்சேன். சூப்பர்வைசருக்கும் எனக்கும் சண்டைதானுங்க. ஆனா ஃபைனல்ல எட்டு வரலை."

எங்கள் முதலாளி கேட்டார்: "பொய் எழுதினேன்னு சொல்றவனையா எடுக்கறது?" ஐயா, எழுதாதவன் இந்த ஊரில் இருக்கிறானா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. தப்பைச் சொன்னதோடு, அது எங்கே பிறக்கிறது என்பதையும் சொன்ன ஆள் அவர் ஒருவர்தான். எடுத்தோம். அவருக்கும் எங்கள் சூப்பர்வைசருக்கும் இப்போது வாரம் ஒரு சண்டை.

கேள்விகளையும் மாற்றிக்கொண்டேன். "உங்க பலவீனம் என்ன?" என்று ஒரு காலத்தில் நானும் கேட்டேன். "எல்லாம் பர்ஃபெக்டா இருக்கணும்னு நினைப்பேன் மேடம், அதுதான் என் பலவீனம்." யூடியூபில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், ஊரே அதைத்தான் சொல்கிறது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்கிற கேள்வியையும் குறைத்துக்கொண்டேன், 'செய்தீர்கள்' என்றுதான் கேட்கிறேன். கடைசியாக ஏர்ல போன ஆர்டரைப் பற்றிச் சொல்லுங்க. சீனியர் ஆளாக இருந்தால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அந்த மாதம் உங்கள் ஆர்டர் என்ன ஆச்சு? அந்த நேரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. எந்த ஊருக்குத் துணி அனுப்பினோம், லாரி வாடகை என்ன, திரும்பி வந்த துணியில் ஷேடு எப்படி இருந்தது என்று வரிசையாக வரும். கதை விடுகிறவரிடம் "ரொம்பக் கஷ்டப்பட்டோங்க, டீம் ஒர்க்கா சமாளிச்சோம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. மூன்றாவது துணைக்கேள்வியில் தெரிந்துவிடும். தேதி, பெயர், அளவு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டால் போதும்.

இங்கே ஒரு சங்கதி. 'நான் செய்தேன்' என்று சொல்கிறவரை எடு, 'நாங்கள் செய்தோம்' என்கிறவர் மற்றவர் உழைப்பைச் சொல்கிறார் என்று ஒரு ட்ரெயினிங்கில் சொன்னார்கள். நம் ஊருக்கு அது சரிப்படாது. 'நான்தான் பண்ணினேன்' என்று சொன்னால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்கள் என்றே வளர்ந்தவர்கள் நாம். முழு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்தவர்கூட 'பண்ணினோங்க' என்றுதான் சொல்லுவார். அதனால், "அதுல உங்க கை எது, மத்தவங்க கை எது?" என்று கேட்பேன். செய்தவர்கள் உடனே பிரித்துச் சொல்லிவிடுவார்கள், அதுவும் மற்றவர் கையை முதலில்.

எல்லாருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. ஒவ்வொன்றும் முடிந்த கையோடு ஒன்று முதல் ஐந்து வரை மார்க். கடைசியில் மொத்தமாக யோசித்துப் போட்டால், நன்றாகச் சிரித்தவருக்குக் கணக்கிலும் ஒரு மார்க் கூடிவிடுகிறது. என் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தபோது இது வெட்கமாகவே இருந்தது.

இந்த மார்க் தாளை முதலாளி முதலில் ஏற்கவில்லை. முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவர். "மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா கண்ணு, இதுக்கெதுக்குத் தாளு?" என்பார். சென்னையில் ஹெச்.ஆர். வேலையில் இருக்கும் என் தம்பியிடம் சொன்னபோது அவன் டேனியல் கானமன் கதையைச் சொன்னான். பின்னால் 2002-ல் பொருளாதார நோபல் வாங்கினவர். 1950-களில், இருபத்தி சொச்சம் வயதில், இஸ்ரேல் ராணுவத்தில் புது ஆட்களை இன்டர்வியூ செய்யும் முறையை மாற்றச் சொன்னார்களாம். ஆறு குணங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டு, ஒன்றுக்கு மார்க் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று வைத்தார். இன்டர்வியூ எடுத்தவர்கள் எங்களை மிஷின் ஆக்குகிறீர்கள் என்று கொதித்தார்கள். சரி, எல்லா மார்க்கும் போட்டு முடித்தபின் கண்ணை மூடி உங்கள் மனதுக்குத் தோன்றுகிற ஒரு மார்க்கையும் போடுங்கள் என்றார். பின்னால் பார்த்தால், பழைய முறையைவிடப் புது முறை நன்றாக வேலை செய்தது. கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மார்க்கும் நன்றாகவே வந்திருந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு வழி கிடைத்துவிட்டது. தாளின் அடியில் 'முதலாளி மார்க்' என்று ஒரு கட்டம் போட்டேன். மேலே உள்ள கட்டங்கள் நிரம்பிய பிறகு, தாளைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஆளைக் கூப்பிட்டுப் பேசுவார். மூஞ்சி பார்க்கும் உரிமை அவரிடமே இருக்கிறது, ஆனால் அவர் முறை கடைசியில்தான் வரும். அவருக்கும் சந்தோஷம். இப்போதெல்லாம் அவர் மார்க்கும் என் மார்க்கும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. முன்பு ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததுமே, "எந்த ஊருங்க? எந்தப் பக்கம்? கோயில் எதுங்க?" என்று ஆரம்பிப்பார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோயில் எது என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று புரியும். பதில் வந்ததும் எந்தச் சாதி, எந்தக் கூட்டம் (குலம்), யார் வீட்டுப் பையன் என்பது வரை தெரிந்துவிடும். அப்புறம் அந்த ஆள் துணிக்கணக்கில் இரண்டு கிலோ எழுதினாலும் பனியன் கனமான பனியன் ஆகிவிடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காங்கயம் பக்கத்து ஆள் என்று யாராவது சொன்னால் எனக்கே குரல் இளகுகிறது, அது என் அப்புச்சி ஊர். இப்போது ஊர் பெயரைக் கடைசியில், பஸ் வசதியைப் பேசும்போதுதான் கேட்கிறேன்.

இதைவிட வெட்கக்கேடு ஒன்றும் சொல்ல வேண்டும். 2006-ல் என்னை இன்டர்வியூ செய்தவர் கேட்ட மூன்றாவது கேள்வி, "கல்யாணம் எப்போம்மா?" அடுத்தது, "அப்புறம் வருவியா?" பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். வேலை கிடைத்தும் அந்தக் கேள்வி மறக்கவில்லை. அதே நான், ஆளெடுக்கும் நாற்காலிக்கு வந்த முதல் இரண்டு வருஷம் வந்த பெண்களிடம் எல்லாம் அதையே கேட்டேன். நாசூக்காகக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு "வீட்ல மாப்பிள்ளை பார்க்கறாங்களா?" என்று. ஆளெடுப்பதில் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-லேயே வந்த சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு. என்னை நிறுத்தியது சட்டம் இல்லை. ஒரு பெண் பதிலுக்கு, "உங்களுக்கு எப்போ மேடம் ஆச்சு? வேலையை விட்டீங்களா?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இப்போது எல்லாரிடமும், ஆணானாலும் பெண்ணானாலும், ஒரே விஷயத்தைச் சொல்லிக் கேட்கிறேன்: ஷிப்மென்ட் வாரத்தில் நாலு நாள் ராத்திரி ஒன்பது மணி ஆகும், முடியுமா?

விசாரிப்பதைப் பற்றி. திருப்பூரில் யாரைப் பற்றியும் இரண்டு போனில் விசாரித்துவிடலாம், அதுதான் ஆபத்து. ஒரு பையனைப் பிடித்துப்போய், அவன் அப்போது வேலை செய்துகொண்டிருந்த கம்பெனியில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் "எப்படிங்க ஆளு?" என்று கேட்டேன். "தங்கமான பையன்" என்றார். சாயங்காலத்துக்குள் அவன் வேறு இடம் பார்க்கிற விஷயம் அங்கே மேலே வரைக்கும் போய்விட்டது. மறுநாள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு ஆர்டர் தள்ளிப்போனதால் அவனை எடுக்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதம் அவன் வீட்டில் சும்மா இருந்தான். சேர்ந்த பிறகு அவன் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்பு என்று ஒன்றும் கேட்டதில்லை. இப்போது யாரிடம் கேட்கலாம் என்று வந்தவரிடமே பெயர் வாங்கிக்கொள்கிறேன், பழைய கம்பெனி ஆட்களாகப் பார்த்து. "எப்படி ஆளு?" என்று கேட்பதும் இல்லை. "எந்த வேலையைக் கொடுத்தா நீங்க பின்னாடியே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும்?" என்று கேட்பேன். தங்கம், வைரம் என்று இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இத்தனையும் செய்து எடுத்த ஒருவர் நாலே மாதத்தில் போனார். எல்லாக் கட்டத்திலும் நாலு, ஐந்து. என்ன குறை என்று கடைசி நாள் உட்காரவைத்துக் கேட்டேன். "வேலை புடிச்சுதுங்க்கா. ஞாயித்துக்கிழமையும் போன் வரும்னு நீங்க சொல்லலை" என்றார். கைக்குழந்தைக்காரர். இன்டர்வியூவில் அவர் "எத்தனை மணிக்குங்க்கா வீட்டுக்குப் போலாம்?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. நான் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருந்தேன். அவருடைய தராசில் என்னை நிறுத்துப் பார்க்க அவர் கேட்ட ஒரே கேள்வி அது, அதற்கு நான் மழுப்பிவிட்டேன். முன்பெல்லாம் போகிற நேரத்தைக் கேட்டாலே 'ஆர்வம் இல்லை' என்று குறித்துக்கொள்வேன். இப்போது யாரும் கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுகிறேன். கடைசி பதினைந்து நிமிஷம் அவர்களுக்கு. வேண்டியவர்கள் கீழே லைனுக்குப் போய், நான் இல்லாமல் அங்கிருக்கும் யாரிடமும் பேசலாம்.

போன வெள்ளிக்கிழமை ஒரு பையன் வந்தான். கணக்கு சரி. மெயிலில் விட்டுப்போனதோடு, நானே கவனிக்காத ஒன்றையும் பிடித்தான். கீழே போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, நின்றபடியே கேட்டான்: "அக்கா, எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவங்க ஏனுங்க போனாங்க?"

யாரும் அதுவரை கேட்டதில்லை. உட்காரச் சொன்னேன். ரெண்டு பேர் போனார்கள், ஒருவர் ராத்திரி வேலையால், இன்னொருவர் என் வாயால் என்றேன். ஷிப்மென்ட் நேரத்தில் நான் கத்துவேன், மறுநாள் எனக்கு மறந்துவிடும், அவருக்கு மறக்கவில்லை. பையன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "திங்கக்கிழமை சொல்றேனுங்க்கா" என்று போனான்.

இன்றைக்குப் புதன். போன் வரவில்லை. அந்த சீட்டுக்கு வருகிற மெயிலை இப்போதைக்கு நான்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.